தாய்மீன் தொட்டியில் நடந்த பொதுக்கூட்டம்

உக்காருங்க அண்ணாச்சி. இந்த மழையில எங்க போகப் போறீய? உங்க வீட்டுக் காதுகுத்துக்கு ரெண்டு பாக்ஸ், ஒரு மைக், தெரு முக்குல ஒரு குழாய் ஸ்பீக்கர். அதை நான் மனசுல போட்டுக்கிட்டேன். இனி அதைப் பத்தி நீங்க நினைக்கவே வேண்டாம். டீ சொல்லியிருக்கேன், வரும்.

ஒரு விஷயத்தை மட்டும் நானே சொல்லிடுதேன். வேற எவனாவது சொல்லி நீங்க கேக்கதுக்கு என் வாயால கேட்டா நல்லதுல்லா. நம்ம மாநகராட்சி மீன் பண்ணை வாசல்ல ஒரு போர்டு இருக்கு, பாத்திருப்பீய. பண்ணைக்குள்ள ஒலிபெருக்கி கொண்டுவரக் கூடாதுன்னு எழுதியிருக்கும். ஊருல எத்தனையோ பேரு மைக் செட் வச்சிருக்கான். ஆனா அந்த போர்டு தங்கப்பழம் சவுண்ட் சர்வீஸுக்குன்னே வச்சதுன்னு எல்லாரும் பேசுதாவ. வாஸ்தவம். எனக்குன்னே வச்சதுதான். ஆனா அது தண்டனை இல்ல அண்ணாச்சி, பொறாமை. அந்தப் பண்ணை இன்னைக்கு அங்க இருக்குன்னா என் மைக்காலதான் இருக்கு. முழுசாக் கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க.

பண்ணை எங்க இருக்குன்னு தெரியும்லா? வாய்க்கால் பாலம் தாண்டி, பழைய தண்ணி டேங்குக்குப் பின்னால. உள்ள தொட்டி தொட்டியா சிமெண்டுல கட்டியிருக்கும். பெரிய தாய்மீனுகளை வளத்து, முட்டை போட வச்சு, குஞ்சு பொரிச்சு, அந்தக் குஞ்சை பிளாஸ்டிக் பையில காத்து அடைச்சு சுத்துப்பட்டுக் குளத்துக்கெல்லாம் குடுப்பாவ. கட்லா, ரோகு, அந்த வகையறா. கொசுப்புழு திங்கிற பொடி மீனும் அங்கதான் கிடைக்கும், கிணத்துல விடுறதுக்கு. உள்ளதைச் சொன்னா நான் அது வரைக்கும் அந்தப் பக்கம் தலை வச்சுப் படுத்தது இல்ல. எனக்கு மீன்னா குழம்பு. குழம்புக்கு முன்னாடி அது எங்க இருந்துச்சுன்னு நான் ஏன் கேக்கப் போறேன்?

அந்த வருஷம் மாநகராட்சியில பட்ஜெட் போடுத நேரம். பண்ணைக்கு ஒதுக்குற நிதியை வெட்டப் போறாவன்னு பேச்சு வந்துச்சு. வெட்டுன்னா கொஞ்சநஞ்சம் இல்ல, தலையையும் வாலையும் விட்டுட்டு நடுத்துண்டம் பூராத்தையும் எடுத்த மாதிரி. தீவனத்துக்குக் கிடையாது, மோட்டார் ரிப்பேருக்குக் கிடையாது, கூட்டிப் பெருக்குற பொம்பளைகளுக்குக் கூலி கிடையாது. பண்ணை நட்டத்துல ஓடுதாம். மீன் எங்கய்யா ஓடுது, நீந்தத்தானே செய்யுதுன்னு டீக்கடையில நான் சொன்னேன். ஒருத்தனும் சிரிக்கல. விஷயம் அவ்வளவு முத்திப் போயிருந்துச்சு, பாத்துக்கிடுங்க.

பண்ணையை மூடிட்டு அந்த இடத்துல இசை நீரூற்று வைக்கப் போறதாச் சொன்னாவ. பாட்டுக்கு ஏத்த மாதிரி தண்ணி ஆடுமாம். கலர் கலரா லைட்டு எரியுமாம். இதைக் கேட்டு எனக்கு முதல்ல சந்தோஷம்தான். ஏன் மறைக்கணும்? பாட்டுன்னா ஸ்பீக்கர் வேணும். ஸ்பீக்கர்னா உள்ளூருல நான் இருக்கேன். சரின்னு ஆபீஸுக்குப் போய் விசாரிச்சேன். எல்லாம் வெளியூர் கம்பெனி செய்யுதாம். ஸ்பீக்கர் அவங்களது, ஒயரு அவங்களது, சுவிட்சு போடுற ஆளு கூட அவங்க ஆளு.

அன்னைக்கு எனக்குச் சோறு இறங்கல அண்ணாச்சி. மீனு வாயில்லா ஜீவன், அது வயித்துல போய் அடிக்கலாமான்னு என் பொண்டாட்டிகிட்ட கேட்டேன். அவ தட்டுல இன்னொரு துண்டு மீனை வச்சுட்டு, நேத்து வரைக்கும் நீரூற்று வந்தா ஊருக்கு நல்லதுன்னுல்லா சொன்னீயன்னு கேட்டா. சில பேருக்கு ஆண்டவன் ஞாபகசக்தியை எதுக்குக் குடுத்தான்னே தெரியல.

மறுநாளே நான் உலகம்மாளைப் பாக்கப் போனேன். மார்க்கெட்டுல மீன் கடை போட்டிருக்காளே, அவதான். பெரிய குளத்தைக் குத்தகைக்கு எடுத்தவளும் அவதான், பண்ணையை மூடக் கூடாதுன்னு ஆளு சேத்துப் போராட்டம் பண்ணுனதும் அவதான். புருஷன் போனபெறவு அந்தக் குளத்தை வச்சுத்தான் ரெண்டு பொட்டப்புள்ளைகளையும் படிக்க வைக்கா. பண்ணைக் குஞ்சு இல்லன்னா வெளியூருல இருந்து வண்டியில வரவழைக்கணும். அப்படி ஒரு தடவை வரவழைச்சு, வழியிலயே பாதிக்கு மேல செத்து, அந்த வருஷம் பூரா குளம் வெறுந்தண்ணியாக் கிடந்துச்சாம். இன்னொரு வருஷம் அப்படி ஆனா குத்தகையை விட்டுட்டு வீட்டுல உக்கார வேண்டியதுதான்னு சொன்னா. சொல்லும்போது அவ கண்ணு கலங்கிருச்சு. நானும் கலங்குனேன். வெங்காயக் கடைக்குப் பக்கத்துல நின்னுதான் பேசுனோம், இருந்தாலும் மனசும் கலங்கத்தான் செஞ்சுது.

போராட்டத்துக்கு மைக் செட்டு என் பொறுப்பு, வாடகை வேண்டாம், என் பேரை மட்டும் நடுவுல நாலு தடவை சொல்லிடுங்கன்னேன். அவ வேண்டாம்னா. அவ தொண்டை அப்படி. மார்க்கெட்டுல நின்னு அயிரைன்னு கூவுனா பஸ் ஸ்டாண்டுல இருக்கிறவன் பையை எடுத்துக்கிட்டுக் கிளம்புவான். ஆனா நான் விடல. தொண்டை வேற, சவுண்டு வேறன்னு எடுத்துச் சொன்னேன். கடைசியில எக்கேடும் கெடுங்கன்னு சொல்லிட்டா. அது அவ சம்மதம் சொல்லுத முறை.

முதல்ல மாநகராட்சி ஆபீஸ் முன்னாடி ஆர்ப்பாட்டம். அன்னைக்கு நம்ம ஆம்ப்ளிஃபயருல ஒரு சின்னக் கோளாறு. உலகம்மாள் வாயைத் திறந்ததும் குழாய்ல 'கீ'ன்னு ஒரு சத்தம், காதுக்குள்ள கம்பியை விட்ட மாதிரி. தெருநாய் எல்லாம் வாலைச் சுருட்டிக்கிட்டு ஓடிப் போச்சு. ஆபீஸ் ஜன்னல் அத்தனையையும் ஒரே நேரத்துல சாத்துனாவ. பாத்தீயளா, அரசாங்கமே அரண்டு போச்சுன்னு நான் சொன்னேன். உலகம்மாளும் கூட வந்த பொம்பளைகளும் காதைப் பொத்திக்கிட்டு என்னையே பாத்தாவ. அவ்வளவு மரியாதை.

இப்போ பியூலா மேடத்தைப் பத்திச் சொல்லணும். பண்ணைக்கு அவங்கதான் அதிகாரி. மீனைப் பத்திப் படிச்சு பெரிய பட்டம் வாங்குனவங்க. அந்தம்மா மீனுகளைப் பாக்கிற பார்வையே வேற மாதிரி இருக்கும். தாய்மீன் ஒண்ணு செத்துப்போச்சுன்னா அன்னைக்கு மத்தியானம் சாப்பிடாதாம், வாட்ச்மேன் பேச்சிமுத்து சொல்லுவான். அந்தம்மா மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல. அதுக்குத்தான் என் மேல.

அந்தம்மா மேயரம்மாவை நேருல போய்ப் பாத்து, வெட்டுறதா இருந்தா வெட்டுங்க, அதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை வந்து பண்ணையைக் கண்ணால பாத்துடுங்கன்னு கேட்டிருக்கு. மேயரம்மாவும் சரின்னுட்டாவ. பட்ஜெட் கூட்டத்துக்கு முந்தின நாள் சாயந்திரம் வர்றதா ஏற்பாடு. உலகம்மாள் தன் ஆளுகளைக் கூட்டிக்கிட்டு தாய்மீன் தொட்டிகிட்ட நின்னு கோரிக்கையைச் சொல்லிக்கலாம், ஆனா மைக் மட்டும் வேண்டவே வேண்டாம்னு பியூலா மேடம் சொல்லியிருக்கு. உலகம்மாளும் நிம்மதியாத் தலையாட்டிட்டு வந்திருக்கா.

எனக்கு இந்த விஷயம் தெரிஞ்சப்ப அவ்வளவு வருத்தமாயிருச்சு. பாவம், எனக்குச் சிரமம் குடுக்கக் கூடாதுன்னு நினைக்காவன்னு புரிஞ்சுக்கிட்டேன். நாம அப்படி விட முடியுமா? அன்னைக்கு மத்தியானமே ஆட்டோவுல சாமானை ஏத்திக்கிட்டுப் போய் இறங்கிட்டேன். பியூலா மேடம் வாசல்ல மேயரம்மாவுக்காகக் காத்துக்கிட்டு நின்னுச்சு. நான் பின்பக்கக் கேட் வழியா வந்துட்டேன். பேச்சிமுத்து, மேடம் வையும்னு தடுத்தான். மேயருக்கே வாய் வலிக்காமப் பேசணும்லா, அதுக்குத்தான்டேன்னு சொன்னேன்.

தாய்மீன் தொட்டிக்குப் பக்கத்துல ஒரு தகர ஷெட்டு. அதுல கரண்டுக்கு ஒரே ஒரு பாயிண்டுதான் இருந்துச்சு. அதுலயும் ஏற்கெனவே ஏதோ ஒரு ஒயரைச் சொருகி வச்சிருந்தாவ. அந்த ஒயரு ஒரு குட்டி மோட்டாருக்குப் போவுது. மோட்டாருல இருந்து ரப்பர் டியூபு தண்ணிக்குள்ள போவுது. தண்ணிக்குள்ள குபுகுபுன்னு குமிழி வருது. அழகுக்கு வச்சிருக்காவ போல, கல்யாண மண்டபத்து மீன் தொட்டியில வைப்பாவள்ல, அந்த மாதிரி. அந்தக் குபுகுபு சத்தம் மைக்குல ஏறுச்சுன்னா மேயரம்மா பேசுறது கொதிக்கிற சோத்துப் பானைக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கும். தொழில் தெரிஞ்சவன் அதைப் பொறுத்துக்கிட முடியுமா? பிடுங்கிட்டு நம்ம ஆம்ப்ளிஃபயரைச் சொருகுனேன். சத்தமும் நின்னுச்சு, பாயிண்டும் கிடைச்சுச்சு.

மேயரம்மா வர நேரமாச்சு. வெயில்னா வெயில். ஜனங்க தொட்டியைச் சுத்தி நின்னாவ. நான் நல்ல பாட்டாப் போட்டு விட்டேன். வாசல்ல நின்ன பியூலா மேடத்துக்கும் கேட்டிருக்கும், ஆனா மேயரம்மா கார் எப்போ வருமோன்னு அங்க இருந்து நகர முடியல போல. பாட்டுப் போட்டு ஒரு அரைமணி நேரம் இருக்கும். தண்ணிக்குள்ள நெழலாட்டம் ஏதோ அசைஞ்சுது. பாத்தா ஒரு மீனு. என் முழங்கை நீளம் இருக்கும். மெதுவா மேல வந்து வாயைத் தண்ணிக்கு வெளியில நீட்டித் திறந்து திறந்து மூடுச்சு. பின்னாலயே இன்னொண்ணு. அதுக்குப் பின்னால பத்து. கொஞ்ச நேரத்துல தொட்டியில தண்ணி தெரியல அண்ணாச்சி, வாயாத்தான் தெரியுது. அத்தனை மீனும் என் பாக்ஸ் இருக்கிற திசையைப் பாத்து வாயை ஆட்டுது. பாட்டுல தாளம் மாறுற இடத்துல அதுக வாயும் மாறுச்சு, நான் சத்தியம் பண்ணத் தயார். ஒண்ணு ரெண்டு சாய்ஞ்சே கிடந்துச்சு. கச்சேரியில சில பேரு கண்ணைச் சொருகிக்கிட்டுக் கிடப்பாவள்ல, அந்த மாதிரி சொக்கிப் போய்.

இருவது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். கல்யாண வீட்டுல எவன் பாட்டைக் கேக்கான்? பந்திக்கு எப்போ கூப்பிடுவாவன்னு பாப்பான். சத்தத்தைக் குறைன்னு சொல்லாத ஒரு கூட்டத்தை நான் என் வாழ்க்கையில அன்னைக்குத்தான் பாத்தேன். சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டி வச்சேன்.

அந்த நேரம் பாத்து மேயரம்மா உள்ள வந்தாவ. பின்னால பியூலா மேடம், அதுக்குப் பின்னால அதிகாரிங்க, ஃபோட்டோ எடுக்கிறவனுக. நான் நீட்டுன மைக்கை உலகம்மாள் வேற வழியில்லாமப் பிடிச்சு, எங்க வயித்துல அடிக்காதீயன்னு ஆரம்பிச்சா. மேயரம்மா அவளைப் பாக்கல. தொட்டியையே பாத்துக்கிட்டு நின்னுட்டாவ. அத்தனை வாயையும் பாத்தா யாருக்குத்தான் பேச்சு வரும்? ஜனங்களும் அடங்கிட்டாவ. ஒரு கிழவி கன்னத்துல போட்டுக்கிட்டா.

"ஏன் இப்படி மேல வருதுக?"ன்னு மேயரம்மா கேட்டாவ.

பியூலா மேடம் தொட்டியைப் பாத்துச்சு. ரப்பர் டியூபைப் பாத்துச்சு. குமிழி இல்ல. முகத்துல ரத்தமே இல்லாமப் போச்சு அந்தம்மாவுக்கு.

"மூச்சு முட்டுது மேடம்"னுச்சு.

மேயரம்மா மெதுவாத் தலையாட்டுனாவ. "புரியுதும்மா. நிதி இல்லாம மூச்சு முட்டுதுங்கிறீங்க."

"இல்ல மேடம், நிஜமாவே மூச்சு முட்டுது. தண்ணியில காத்து இல்ல. இருந்தது ரெண்டு மோட்டார். ஒண்ணு பழுதாகி ஆறு மாசமாச்சு, ரிப்பேருக்கு நீங்க நிதி தரல. இன்னொண்ணு..." அதுக்கு மேல சொல்லாம அந்தம்மா தலையைத் திருப்புச்சு. ஷெட்டுல இருந்து வர்ற என் ஒயரைப் பாத்துச்சு. பெறவு என்னைப் பாத்துச்சு. நான் கும்பிட்டேன். அவ்வளவுதான், சேலையைத் தூக்கிச் சொருகிக்கிட்டு ஷெட்டுக்கு ஒரே ஓட்டம்.

எல்லாரும் என்ன நினைச்சாவ தெரியுமா? அழுகையை அடக்க முடியாம ஓடுதுன்னு. மேயரம்மா கூட முந்தானையால கண்ணைத் துடைச்சாவ. பக்கத்துல நின்ன அதிகாரிகிட்ட, ஒரு மோட்டாருக்கு ஆறு மாசமான்னு கேட்டாவ. அவரு தன் செருப்பைப் பாத்தாரு.

டப்புன்னு என் மைக் செத்துச்சு. அந்தம்மா என் பிளக்கைப் பிடுங்கிட்டு மோட்டாரைச் சொருகிருச்சு. நல்லவேளையா உலகம்மாள் மைக் போனதைக் கவனிக்கவே இல்ல, அவ பாட்டுக்குப் பேசிக்கிட்டே இருந்தா, முன்னைக்கு இப்போ தெளிவாக் கேட்டுச்சுன்னு சில பேரு சொல்லுதாவ. அவளைக் கை அமத்திட்டு மேயரம்மா சொன்னாவ: "பண்ணைக்கு நிதி வெட்டு கிடையாது. நாளைக்குக் கூட்டத்துல நானே சொல்றேன்."

குமிழி வர ஆரம்பிச்சுது. மேயரம்மா சொல்லிக் கொஞ்ச நேரத்துக்கெல்லாம் ஒரு மீனு வாயை மூடிக்கிட்டு உள்ள போச்சு. பெறவு ஒண்ணு. பெறவு அத்தனையும். சாய்ஞ்சு கிடந்ததுகளும் நிமிந்து போயிருச்சு. தொட்டியில வெறும் தண்ணி. வாக்குக் குடுத்ததும் வாங்கிட்டுப் போயிருச்சுகளேன்னு யாரோ சொன்னாவ. அவ்வளவுதான், பொம்பளைக குலவை போட்டுட்டாவ. செல்ஃபோன்ல எடுத்தது அன்னைக்கே ஊரெல்லாம் சுத்துச்சு. மீனுக மேயருகிட்ட மனுக் குடுத்துச்சுன்னு போட்டிருந்தான். மறுநாள் கூட்டத்துல எதிர்க்கட்சிக்காரன் கூட வாயைத் திறக்கல. நிதி வந்துச்சு, புது மோட்டாரும் வந்துச்சு. நீரூற்றுப் பேச்சையே காணோம்.

இப்போ சொல்லுங்க, யாரால?

ரெண்டு நாள் கழிச்சு பியூலா மேடம் இந்தக் கடைக்கு வந்துச்சு. நீங்க உக்காந்திருக்கிற இதே நாற்காலிதான். நான் சோடா வாங்கி வச்சேன். குடிக்கல.

"உங்களுக்கு நன்றி சொல்றதா, போலீசுல புகார் குடுக்கிறதான்னு எனக்குத் தெரியல அண்ணாச்சி"ன்னுச்சு.

பாவம், நன்றி சொல்லிப் பழக்கம் இல்லாதவங்க. நன்றி எதுக்கு மேடம்னு நானே விட்டுக் குடுத்தேன். பெறவு அந்தம்மா ஒரு பாடமே நடத்திருச்சு. மீனு பாட்டுக் கேக்க வரலையாம். தண்ணியில கலந்திருக்கிற காத்து குறைஞ்சா மேல வந்து வாயைப் பிளக்குமாம். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா தாய்மீன் பூராவும் செத்திருக்குமாம். நான் பொறுமையாக் கேட்டேன். படிச்சவங்க ஒண்ணு சொன்னா குறுக்க பேசக் கூடாது. எல்லாம் சொல்லி முடிச்சபெறவு, சரி மேடம், அப்படின்னா நாம ரெண்டு பேரும் போய் மேயரம்மாகிட்ட இந்த விவரத்தைச் சொல்லிடுவோமான்னு கேட்டேன். நல்லதுக்குத்தான் கேட்டேன். அவங்க பாட்டுக்குத் தப்பா நினைச்சுக்கிட்டு இருக்கக் கூடாதுல்லா.

அந்தம்மா வெளியில போற பஸ்ஸைப் பாத்துச்சு. பெறவு சோடாவை எடுத்து ஒரே மூச்சுல குடிச்சுட்டு, வேண்டாம்னுச்சு. ரொம்ப மெதுவாச் சொல்லிச்சு. அதுக்கு அடுத்த வாரம்தான் அந்த போர்டு வந்துச்சு.

அதோட நான் விட்டிருப்பேன். ஆனா மழை பேஞ்சு குளமெல்லாம் நிறைஞ்சபெறவு, குஞ்சு வாங்கப் போறேன், நீங்களும் வாங்கன்னு உலகம்மாள் கூப்பிட்டா. வெறுங்கையோட வாங்கன்னு ரெண்டு தடவை சொன்னா. போனேன். பேச்சிமுத்து என் சட்டைப் பையைத் தடவிப் பாத்துட்டுத்தான் உள்ள விட்டான். உலகம்மாளோட பைகள்ல குஞ்சுக ஊசி ஊசியா மின்னிக்கிட்டு நீந்துது. அவ பைகளை வெயில்ல தூக்கித் தூக்கிப் பாத்துச் சிரிக்கா. அவ சிரிச்சு நான் பாத்ததே இல்ல அண்ணாச்சி, பல்லு ஒண்ணு தங்கப்பல்லு.

நான் மெதுவா தாய்மீன் தொட்டிப் பக்கம் போனேன். நின்னு பாத்தேன். ஒண்ணும் மேல வரல. கையைத் தட்டுனேன், வரல. தண்ணிக்கடியில கருப்பாப் போகுது, வருது, என்னை ஏறெடுத்துப் பாக்கல. மனுஷன் மறந்தா பரவால்ல. மீனும் மறந்திருச்சேன்னு எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு.

பின்னால பியூலா மேடம் வந்து நின்னுச்சு. திட்டப் போகுதுன்னுதான் நினைச்சேன். திட்டல. என் முகத்தைப் பாத்துட்டு, வாளியில இருந்து தவிடும் புண்ணாக்கும் கலந்த தீவனத்தை ஒரு கை அள்ளி என் உள்ளங்கையில வச்சுச்சு. "போடுங்க அண்ணாச்சி, வரும்"னுச்சு.

போட்டேன். வந்துச்சுக அண்ணாச்சி. அத்தனையும் வந்துச்சு. தண்ணியை அடிச்சுக்கிட்டு, என் சட்டையெல்லாம் நனைச்சுக்கிட்டு. பாத்தீங்களா, தீவனத்துக்குத்தான் வருதுன்னு அந்தம்மா சிரிச்சுக்கிட்டே சொல்லிச்சு. நானும் ஆமா மேடம்னு சொல்லிட்டேன். எதுக்கு வீணா மனசைப் புண்படுத்தணும்?

ஆனா உங்ககிட்ட சொல்லுதேன். தீவனத்தை வீசுறதுக்கு முன்னாடி, அந்தம்மா வாளியைக் கீழ வைக்கக் குனிஞ்ச நேரம் பாத்து, நான் தண்ணிக்குக் கிட்டப் போய் மெதுவா, 'அலோ... ஒன், டூ, த்ரீ'ன்னு சொல்லிட்டுத்தான் போட்டேன்.